எம்15 கோலாலம்பூர்: மூன்று வெற்றி, மூன்று புள்ளி, கீழே இறங்கிய தரவரிசை

உலக ஆண்கள் தரவரிசையில் 900ஆவது இடத்தை ஒட்டி நின்றபோது பெயர் கொடுத்த ஓர் ஆட்டக்காரர் சென்னையிலிருந்து கோலாலம்பூர் வருகிறார். ஜாலான் டூத்தா தேசிய டென்னிஸ் மையத்தில் அடுத்தடுத்து மூன்று வாரம் எம்15 எனும் கீழ்மட்டத் தொழில்முறை ஆண்கள் போட்டிகள். பதினெட்டு இரவு தங்குகிறார். ஒற்றையரில் மூன்று ஆட்டம் வெல்கிறார், மூன்றில் தோற்கிறார், உலகத் தரவரிசையைத் தீர்மானிக்கும் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) புள்ளி 3 சேர்க்கிறார். ஆனாலும் ஊர் திரும்ப விமானம் ஏறும்போது அவருடைய தரவரிசை முதலில் பெயர் கொடுத்தபோது இருந்ததைவிடக் கீழே இருக்கிறது. இது எப்படி நேர்கிறது, எதைத் தவிர்த்திருக்கலாம், எதைத் தவிர்த்திருக்கவே முடியாது என்பதுதான் இந்த ஆய்வு.

இந்த ஆட்டக்காரர் ஏதோ ஒரு தனி மனிதர் அல்லர். இந்த மட்டத்தில் ஆடும் பலருக்கும் நேர்வதை ஒரே பயணத்தில் கோத்திருக்கிறோம். பரிசுத்தொகை, புள்ளி, கெடு ஆகியவை விதிப்படி உள்ளவை. செலவுத் தொகைகள் இங்குள்ள விலைவாசியை ஒட்டி நாங்கள் போட்ட மதிப்பு. ஒரு டாலருக்கு 4 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு என்று வைத்திருக்கிறோம்.

கோலாலம்பூர் பெரிய டென்னிஸைப் பார்த்த ஊர்தான். 2009 முதல் 2015 வரை இங்கே ஏடிபி போட்டி நடந்தது. மகளிர் மலேசிய ஓப்பன் 2010 முதல் 2017 வரை நடந்தது; அந்தக் கடைசி ஆண்டில் ஆஷ்லி பார்ட்டி தகுதிச்சுற்றிலிருந்து ஏறிவந்து தம் முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டத்தை வென்றார். அவை போனபின், தொழில்முறை டென்னிஸை இந்த ஊரில் பக்கத்தில் நின்று பார்க்க வழி எம்15, மகளிருக்கான டபிள்யூ15 போன்ற, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப்பின் போட்டிகள்தாம். பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுபவருக்கோ ஒவ்வொரு புள்ளிக்கும் விலை உண்டு.

ஒரு புள்ளியின் நிலை

எம்15 என்றால் மொத்தப் பரிசு 15,000 அமெரிக்க டாலர். ஒற்றையர் பிரதான டிராவில் (முக்கியப் போட்டிப் பட்டியலில்) 32 பேர்; அவர்களில் 8 பேர் தகுதிச்சுற்றிலிருந்து வருவார்கள், 4 பேருக்கு வைல்டு கார்டு, அதாவது அமைப்பாளர்கள் தரும் நேரடி இடம். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், புள்ளி கிடையாது. இரண்டாம் சுற்றில் தோற்றால் 258 டாலரும் 1 புள்ளியும். காலிறுதிக்கு 438 டாலர், 2 புள்ளி. அரையிறுதிக்கு 752 டாலர், 4 புள்ளி. இறுதியில் தோற்றவருக்கு 1,272 டாலர், 8 புள்ளி. பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர், 15 புள்ளி. தகுதிச்சுற்றில் எத்தனை ஆட்டம் வென்றாலும் பணமும் இல்லை, ஏடிபி புள்ளியும் இல்லை. ஐடிஎஃப் தன் தனித் தரவரிசைக்குத் தரும் புள்ளி மட்டுமே.

ஒரு புள்ளி அற்பமாகத் தோன்றலாம். ஆயிரத்தை ஒட்டிய இடங்களில் ஒரே புள்ளி எண்ணிக்கையில் ஏராளமானோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள்; ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பல பத்து இடங்கள் நகரும். சமநிலையில் இருப்பவர்களைப் பிரிக்கும்போது குறைவான போட்டிகள் ஆடியவர் முன்னே நிற்பார், அதன்பின் ஒரே போட்டியில் அதிகப் புள்ளி எடுத்தவர். ஆகவே வாராவாரம் ஆடி முதல் சுற்றிலேயே வெளியேறுவது காசை மட்டும் கரைப்பதில்லை, சமநிலையில் பின்னுக்கும் தள்ளிவிடும்.

2019 தொடக்கத்தில் ஐடிஎஃப் 15 ஆயிரம் டாலர் போட்டிகளிலிருந்து ஏடிபி புள்ளியையே எடுத்துவிட்டது. ஏராளமான ஆட்டக்காரர்கள் தரவரிசையை இழந்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, அதே ஆண்டு ஆகஸ்டில் புள்ளி திரும்ப வந்தது. அந்த ஏழு மாதத்தைக் கடந்து வந்தவர்களிடம் இந்த ஒரு புள்ளி அற்பம் என்று யாரும் சொல்லிப் பார்க்கட்டும்.

வருவதற்கு முன்பே நடந்தது

ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் பகுதி இது. எங்கள் பார்வையில் இந்தப் பயணத்தின் பாதி முடிவு இங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

அவர் கணக்கில் இருந்தது 17 புள்ளி. சென்ற ஆண்டு ஓர் எம்15 இறுதியில் தோற்றதற்கு 8, ஓர் அரையிறுதிக்கு 4, ஒரு காலிறுதிக்கு 2, மூன்று இரண்டாம் சுற்றுகளுக்குத் தலா 1. ஏடிபி புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். அந்த 8 புள்ளி, கோலாலம்பூர் முதல் போட்டி தொடங்கும் திங்களுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு கழிகிறது. கழிந்தபின் மிச்சம் 9.

இப்போது கெடுவைப் பாருங்கள். ஐடிஎஃப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கெடு, போட்டித் திங்களுக்கு 18 நாள் முந்தைய வியாழன், கிரீன்விச் நேரம் பிற்பகல் 2 மணி. நமக்கு இரவு 10, சென்னையில் மாலை 7.30. அந்த வாரத் திங்களன்று வெளியான தரவரிசைதான் பட்டியலில் யார் பிரதான டிராவில், யார் தகுதிச்சுற்றில் என்று பிரிக்கும். முதல் இரண்டு கோலாலம்பூர் போட்டிகளின் கெடு, 8 புள்ளி கழிவதற்கு முன்பே முடிந்துவிட்டது. 17 புள்ளியோடு நேராகப் பிரதான டிராவில் இடம். மூன்றாவது வாரத்தின் கெடு கழிந்தபின் வருகிறது. 9 புள்ளியோடு தகுதிச்சுற்று. மூன்றும் ஒரே மைதானம், ஒரே பந்து. ஆனால் மூன்றாவது வாரம் அவருக்கு வேறு போட்டி.

முன்னணி ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதாதபடி பிரித்துவைக்கும் தரநிலை வரிசை, அதாவது சீடிங், இதைவிடப் புதிய தரவரிசையைக் கொண்டு போடப்படும். அதனால் முதல் வாரத்திலேயே அவர் உள்ளே இருக்கிறார், ஆனால் சீடு இல்லாதவர். பிரதான டிராவில் எட்டு சீடுகள். சீடு இல்லாதவர் முதல் ஆட்டத்திலோ இரண்டாவதிலோ அவர்களில் ஒருவரைச் சந்திக்க நேர்வது இயல்பு. முதல் வாரம் இரண்டாம் சுற்றில் அவருக்கு வாய்த்தது இரண்டாம் சீடு.

இன்னொரு தாமதமும் உண்டு. எம்15, எம்25 போட்டிகளின் புள்ளி முடிந்த மறுநாள் ஏறாது. அதற்கு அடுத்த திங்களில்தான் ஏறும். முதல் வாரம் ஞாயிறு முடிகிறது. எட்டு நாள் கழித்துப் புள்ளி ஏறுகிறது. அந்த வார வியாழன் கெடு, அதிலிருந்து 18 நாள் தள்ளித் தொடங்கும் போட்டிக்கு உரியது. கணக்கிட்டால், இன்று எடுக்கும் புள்ளி ஐந்து வாரம் கழித்துத் தொடங்கும் போட்டிக்குத்தான் முதன்முதலாக உதவும். ஆக, நல்ல வாரம் அமைந்தாலும் அதன் பலன் மூன்றாவது கோலாலம்பூர் வாரத்துக்கு எட்டாது. இதை மனத்தில் வைத்துத்தான் பயணத்தை அமைக்க வேண்டும். மூன்றாவது வாரத்துக்கான பெயரை அவர் வேறு பலவீனமான பட்டியல் உள்ள ஊருக்குக் கொடுத்திருக்கலாம். அதற்குத் தனி விமானச் செலவு ஆகும் என்று தயங்கினார். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனாலும் அது தவறான தேர்வு என்றே நினைக்கிறோம்.

முதல் வாரம்: மழை

புதன் பிற்பகல், மூன்றாவதாக அட்டவணையிடப்பட்ட ஆட்டம். எதிரே தகுதிச்சுற்றிலிருந்து வந்த இடக்கை ஆட்டக்காரர். நம்மவர் 6-3, 4-2. அந்த நிலையில் தம் சர்வில் இரண்டு டபுள் ஃபால்ட் கொடுத்து முன்னிலையைக் கைவிட்டார். டை-பிரேக்கில் இரண்டாவது செட் போனது. கோலாலம்பூரில் பிற்பகல் நான்கு, ஐந்து மணிக்கு இடி மழை இறங்குவது சாதாரணம், குறிப்பாக பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில். இரண்டு செட்டில் முடித்திருந்தால் மூன்றே முக்காலுக்கு அவர் குளியலறையில் இருந்திருப்பார். மூன்றாவது செட் 4-4இல் மின்னல். நடுவர் நிறுத்தினார். அன்று மறுபடி ஆட முடியவில்லை.

மூன்றாவது செட்டில் அவர் மட்டையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை தெரியும். கைப்பிடியின் மேல் சுற்றிய ஓவர்கிரிப் வெள்ளையாகத் தொடங்கி, ஏழாவது கேமில் ஆள்காட்டி விரல் படும் இடத்தில் சாம்பல் நிறமாக வழுக்குகிறது. செட்டுக்கு ஒன்று மாற்றுவது இங்கே குறைந்தபட்சம். அவர் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று ஓட்டினார். ஃபோர்ஹேண்டு வெளியே போன மூன்று பந்துகளில் மட்டை கைக்குள் திரும்பியது தெளிவாகத் தெரிந்தது. பந்தும் மாறியிருந்தது: ஈரக்காற்றில் மேல்ரோமம் உப்பி, எடை கூடி, ஆழத்தில் விழவேண்டியது சர்வீஸ் கோட்டைத் தாண்டியதும் நின்றது. பாலியஸ்டர் நரம்பை 24 கிலோவில் கட்டியிருந்தார். சென்னை வெயிலில் காய்ந்த பந்துக்கு அது சரி. இங்கே பிற்பகலுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ தளர்த்திய மட்டை ஒன்று பையில் இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது மூன்று மட்டை, மூன்றும் ஒரே இழுவிசை.

வியாழன் காலை பத்துக்குத் தொடர்ந்த ஆட்டத்தை 7-5 என்று வென்றார். ஒரு புள்ளி கிடைத்தது. இரண்டாம் சீடோ தம் முதல் ஆட்டத்தைச் செவ்வாயே முடித்து, புதன் முழுக்க ஓய்வில் இருந்தவர். வேலியோரம் நின்ற செந்தூல்காரர் ஒருவர் கேட்டார்: "தம்பி, சாப்டாச்சா?" "வாழைப்பழம் போதும்ணே, ரெண்டு மணிக்கு மேல அடுத்த மேட்ச்." அந்தப் பதிலில்தான் பிற்பகலின் தோல்வி பாதி அடங்கியிருந்தது.

புதன் ஆட்டத்தில் உடல் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தால், அது ஏறத்தாழ இரண்டு லிட்டர் வியர்வை. அதை ஈடுசெய்ய அடுத்த சில மணி நேரத்தில் மூன்று லிட்டர் அளவுக்குப் பருக வேண்டும், வெறும் தண்ணீராக அல்ல. கால் தேக்கரண்டி உப்பில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதை ஒரு லிட்டரில் கலந்து, கொஞ்சம் இனிப்பும் சேர்த்துக் குடிப்பது மலிவான வழி. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் இருந்தால், முடிந்த அரை மணிக்குள் சோறு, கொஞ்சம் கோழி. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைவாக. ப்ரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு ஆட்டம் இல்லாத நாளுக்கு. அவர் இரண்டு பழத்தோடு இறங்கினார். இரண்டாவது செட் நடுவில் கெண்டைக்கால் பிடித்தது. 4-6, 3-6.

இரட்டையரில் அதே வாரம் அரையிறுதி வரை போனார். ஜோடிக்கு 324 டாலர், அவர் பங்கு 162. இரட்டையர் பணம் சிறிதுதான், ஆனால் அறை வாடகையில் ஒரு வாரத்துக்கு மேல் அதுவே கட்டும். அட்வான்டேஜ் இல்லாத கேம்கள், மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக் என்பதால் உடலுக்கும் சுமை குறைவு. இந்த மட்டத்தில் இரட்டையரைக் கைவிடச் சொல்லும் ஆலோசனையை நாங்கள் ஏற்பதில்லை.

இரண்டாவது வாரத்தில் சொல்ல அதிகம் இல்லை. காலை ஆட்டங்கள் வாய்த்தன, மழைக்கு முன் முடித்தார், இரண்டு வெற்றி, காலிறுதியில் தம்மைவிடச் சிறந்தவரிடம் தோல்வி. 2 புள்ளி, 438 டாலர். இரட்டையர் காலிறுதிக்கு 93.

மூன்றாவது வாரப் பட்டியலில் அவர் பிரதான டிராவுக்கான மாற்று வரிசையில், அதாவது யாராவது விலகினால் உள்ளே போகக் காத்திருப்பவர்களில், நான்காவது. போட்டிக்கு 13 நாள் முந்தைய செவ்வாய் விலகல் கெடு. அதற்குள் மூவர் விலகினார்கள். நான்காவதாக யாரும் விலகவில்லை. ஞாயிறன்று தகுதிச்சுற்று. அதில் மூன்றாவது செட்டே கிடையாது, 10 புள்ளி டை-பிரேக் மட்டும். உடல் வலுவை நம்பி ஆடும் ஆட்டக்காரருக்கு இது பாதகம்: எதிராளியைக் களைக்க வைக்க நேரம் இருக்காது. 8-10 என்று முடிந்தது. செவ்வாய் ஊருக்கு விமானம்.

வரவு, செலவு

ஒற்றையர் 696 டாலர், இரட்டையர் 255, மொத்தம் 951. மலேசியாவில் வதிவிடம் இல்லாத விளையாட்டாளர் வருமானத்துக்கு 15 விழுக்காடு வரிப்பிடித்தம் விதி உண்டு. போனது போகக் கையில் 808 டாலர், அதாவது 3,395 வெள்ளி.

செலவில் விமானம் மூட்டையோடு 900 வெள்ளி. அறையை இன்னொருவரோடு பகிர்ந்து இரவுக்கு 80 வீதம் 1,440. சாப்பாடு நாளுக்கு 60 வீதம் 1,080. கிராப் வண்டி 360. நரம்பு கட்டும் கூலி 14 தடவைக்கு 30 வீதம் 420. நரம்பு 200 மீட்டர் சுருள் ஒன்று 500. ஒரு மட்டைக்கு 12 மீட்டர் போகும் என்பதால் 16 தடவை வரும். பிசியோ மூன்று தடவை 360. போட்டிக் கட்டணம் வாரத்துக்கு 40 டாலர் வரை, மூன்று வாரத்துக்கு 504. கூட்டினால் 5,564 வெள்ளி. பற்றாக்குறை 2,169, புள்ளி ஒன்றுக்கு 723 வெள்ளி. கோச்சைக் கூட்டி வந்திருந்தால் அவருடைய விமானமும் அறையும் சாப்பாடுமே பற்றாக்குறையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கியிருக்கும், சம்பளம் தனி.

ஏன் இதைத் தாங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் மேலே உள்ள படியைப் பார்க்க வேண்டும். 2024 அமெரிக்க ஓப்பன் தகுதிச்சுற்றில் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 25,000 டாலர். பதினோரு எம்15 பட்டங்களைவிட அதிகம். அந்தத் தகுதிச்சுற்றுக்குள் நுழைய ஏறத்தாழ முதல் 250க்குள் வர வேண்டும். ஏடிபி 2024இல் தொடங்கிய குறைந்தபட்ச வருமான உறுதித் திட்டமும் அதே 250இல்தான் நிற்கிறது: அந்த ஆண்டில் 176 முதல் 250 வரை இருந்தவர்களுக்கு 75,000 டாலர். 900இல் இருப்பவருக்கு அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை. வழியும் நீளம். சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017இல் டொமினிக் தீமை வீழ்த்தினார், 2018இல் நியூபோர்ட் ஏடிபி இறுதி வரை போனார். அப்படிப்பட்டவருக்கே, ஏடிபி போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் மட்டத்தில் முதல் ஒற்றையர் பட்டம் ஆறு இறுதித் தோல்விகளுக்குப் பின், 2021 நவம்பரில் மனாமாவில்தான் கிடைத்தது.

பின்தொடர்பவர்களுக்கு

இப்படிப்பட்ட ஒருவரைப் பின்தொடர விரும்பினால் ஸ்கோரிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அவருடைய 52 வாரப் புள்ளிப் பட்டியலை எடுத்து, எந்தத் திங்களில் எவ்வளவு கழிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வியாழன் இரவு 10க்குப் பின் ஐடிஎஃப் தளத்தில் வரும் பட்டியல், செவ்வாய் விலகல், முந்தைய நாள் மாலை வரும் ஆட்ட வரிசை. மாற்று வரிசையில் பத்துக்குள் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். முப்பதில் இருப்பவர் தகுதிச்சுற்றை எதிர்பார்த்தே வருவார்.

மைதானத்தில் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று, காயம், உடல்நிலை பற்றி ஆட்டக்காரரிடம் கேட்டு அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. உள்தகவல் பந்தயக்காரர் கைக்குப் போனால் மாட்டுபவர் ஆட்டக்காரர்தான். டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏவின் விதி அவ்வளவு கடுமை. கீழ்மட்டப் போட்டிகளில் பந்தயச் சீர்கேடு எவ்வளவு ஆழம் என்று 2018இல் வந்த சுயேச்சை ஆய்வுக் குழு விரிவாகவே எழுதியது. புள்ளிக்குப் புள்ளி ஸ்கோரைத் தட்டச்சு செய்து வெளியே அனுப்புவதும் அதே வகைத் தவறு. இரண்டாவது, தமிழில் ஆலோசனை சொல்வது. 2025 முதல் கோர்ட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் பேச அனுமதி உண்டு; அது ஆட்டக்காரரின் ஆளுக்கு, வேலியோரம் நிற்கும் நமக்கு அல்ல. "பேக்ஹேண்டுக்கே போடுப்பா" என்று கத்துவது அன்பால்தான், ஆனால் நடுவர் திரும்பிப் பார்க்கும் பார்வை அவர் மீதுதான் விழும். கை தட்டுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள், அது போதும். உண்மையில் உதவ நினைத்தால் ஆட்டம் முடிந்தபின் ஒரு வேளைச் சாப்பாடு, விமான நிலையத்துக்கு ஒரு சவாரி, தங்க ஓர் அறை. மேலே உள்ள கணக்கில் அறை வாடகை மட்டும் நீங்கியிருந்தால் பற்றாக்குறை 729 வெள்ளிதான்.

நம் ஆட்டக்காரருக்கு இப்போது 12 புள்ளி: மிச்சமிருந்த 9, இங்கே எடுத்த 3. முதல் வாரப் புள்ளி அவர் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் ஏறியது, இரண்டாவது வாரப் புள்ளி அடுத்த திங்கள் ஏறும். அதற்கடுத்து வரும் வியாழன் கெடுவில் 12 புள்ளியோடு பெயர் கொடுக்கலாம். அதுவரை உள்ள பட்டியல்களில் அவர் பெரும்பாலும் தகுதிச்சுற்று ஆள்தான். அந்த இடைவாரங்களில் வெளிநாட்டுத் தகுதிச்சுற்றுக்குச் செலவழிப்பதைவிட, வைல்டு கார்டு கேட்கக்கூடிய உள்நாட்டு எம்15ஐத் தேடுவதும், இரண்டு மட்டையை 22.5 கிலோவில் கட்டிப் பழகுவதும் மேல். அரையிறுதிக்கான அந்த 4 புள்ளி எந்தத் திங்களில் கழிகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய கெடுக்கள் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்க வேண்டும்.